நம்பிக்கையான ஆள்



நம்ம பக்கத்துல வழக்கமா விரதம், தலம், பாடல் விளக்கம்னு வரும். இன்னிக்கு கொஞ்சம் வேற மாதிரி. போன மாசம் குழுவில் இருக்கிற ஒரு தம்பி எனக்குத் தனியா எழுதியிருந்தார். "அண்ணா, எனக்கு பைபோலார்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேன். இப்ப நல்லாத்தான் இருக்கேன். ஆனா நாலு பேர் கூடுற இடத்துக்குப் போகவே பயமா இருக்கு. மறுபடியும் மனுஷங்களோட சகஜமா பழக முடியுமா?" அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை இங்க போடுறேன். பெயர் வேண்டாம்னு சொல்லிட்டார். என்கிட்ட ஏன் கேட்டார்னா, எனக்கும் அதே நோய்னு அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துல தெரிய வந்தது. இப்ப ஆறு வருஷம் ஆகுது.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. காலையில சிரிச்சுட்டு சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா "பைபோலார்"னு மீம் போடுறாங்களே, அது இல்லை இது. இருதுருவ மனநிலைக் கோளாறு என்பது அலை மாதிரி வருவது. மேல போற அலைக்கு மேனியா என்று பெயர். குறைந்தது ஒரு வாரம் நீடிக்கும். மூணு மணி நேரம் தூங்கினாலே போதும்னு இருக்கும், பேச்சு நிக்காது, பணம் தண்ணியா ஓடும். அதன் லேசான வடிவம் நாலு நாளாவது இருக்கும். கீழ போற அலை ரெண்டு வாரத்துக்குக் குறையாது, பல மாசம்கூட போகலாம். நடுவில் சாதாரணமான, எல்லாரையும் போல இருக்கிற காலம். 2019-ல் உலகத்தில் 4 கோடிப் பேருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால தம்பி தனி ஆள் இல்லை.

இப்ப கேள்விக்கு வர்றேன். தன்னம்பிக்கை பத்தி புத்தகம், ரீல்ஸ், கல்லூரியில் நடத்துற பயிற்சி வகுப்பு எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது: உள்ளுக்குள்ள ஒரு தைரியம் பொங்கும், அதை நம்பு, அது போற போக்குல போ. மத்தவங்களுக்கு இது சரியா இருக்கலாம். எங்களுக்கு இதுலதான் சிக்கலே. ஏன்னா என் வாழ்க்கையிலேயே நான் மிகத் தைரியமா இருந்த நாட்கள் நோயின் நாட்கள்தான். அந்த நாட்களில் யார்கிட்டயும் பேசலாம். டீக்கடைக்காரர், கம்பெனியின் பெரிய அதிகாரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், எல்லாரும் சொந்தக்காரங்க. வார்த்தை தேட வேண்டியதே இல்லை. சொந்தக்காரங்க யாரும் அதை நோய்னு சொல்லவும் இல்லை. "இப்பத்தான் பையன் கலகலப்பா இருக்கான்"னு சந்தோஷப்பட்டாங்க.

அலை இறங்கின பிறகு என்ன ஆகும்னா, மனுஷங்க மேல வர்ற பயத்தைவிட சொந்த சந்தோஷத்தின் மேல ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துக்கும். கேன்டீன்ல யாரோ ஒரு ஜோக் சொல்றாங்க, வாய்விட்டு சிரிக்கிறோம், அடுத்த நொடி மனசு நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினோம்னு கணக்குப் போடுது. ஒரு நாள் நல்லாப் பேசினா "ஏறுதோ?" ஒரு நாள் பேசாம இருந்தா "இறங்குதோ?" தம்பி, உங்க பயத்துக்கு அடியில் இருக்கிறதும் இதுதான்னு நினைக்கிறேன். ஜனங்க என்ன நினைப்பாங்க என்பது அப்புறம். எந்த நான் அவங்க முன்னாடி போய் நிக்கப் போறேன்னே தெரியலை என்பது முதல்ல.

இது சும்மா மனக்கஷ்டம் மட்டும் இல்லீங்க. பெரிய கேள்வி. மேல இருக்கும்போது இருக்கிறவன் நானா, கீழ இருக்கும்போது இருக்கிறவன் நானா, மாத்திரை போட்டு நடுவில் நிக்கிறவன் நானா? கே ரெட்ஃபீல்ட் ஜாமிசன் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர் இருக்கிறார், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர். 1990-ல் இந்த நோயைப் பற்றி டாக்டர்கள் படிக்கிற பெரிய பாடப் புத்தகத்தை இன்னொருவருடன் சேர்ந்து எழுதியவர். அஞ்சு வருஷம் கழிச்சு, 1995-ல், அதே நோய் தனக்கே இருக்குன்னு தன் வாழ்க்கையைப் புத்தகமா எழுதினார். எல்லாம் தெரிஞ்ச அவரே மாத்திரையை எடுத்துக்க மாட்டேன்னு வருஷக்கணக்கில் போராடியிருக்கிறார். காரணம், அந்த உயரமான நாட்களை விட மனசில்லை. நோயைப் பத்தி ஊருக்கே பாடம் எடுத்தவருக்கே "அதுதானே நான்" என்று தோன்றியிருக்கு என்றால் நமக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன?

நம்ம குழுவுக்கு இதுல ஒரு தனிப் பிரச்சினையும் இருக்கு. அதைச் சொல்லாம போனா இந்தப் பதிவு பொய்யாகிடும். மேனியா பல சமயம் பக்தி உருவத்துல வரும். "முருகன் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கான்", "எனக்கு மட்டும் உத்தரவு வருது"ன்னு தோணும். வெளியில பார்க்கிறவங்க கும்பிடக்கூட செய்வாங்க. அப்ப பக்தியையும் நோயையும் எப்படிப் பிரிக்கிறது? நான் அனுபவத்தை எடை போடுறதில்லை. எவ்வளவு ஆழமா இருந்துச்சு, கண்ணீர் வந்துச்சா, அதெல்லாம் சாட்சியே இல்லை. தூக்கத்தைப் பார்க்கிறேன். பக்தி கூடக் கூடத் தூக்கம் குறையுது, களைப்பும் வரலை, கூட இருக்கிறவங்க பேச்சைக் கேட்கப் பொறுமையும் இல்லைன்னா, நான் போக வேண்டிய இடம் முதல்ல டாக்டர்கிட்ட. முருகன் காத்திருப்பான், அவனுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. அப்புறம், "மாத்திரையை விடு, வேல் பார்த்துக்கும்"னு சொல்ற அண்ணன்மார்களே, சர்க்கரை மாத்திரை சாப்பிடுற உங்க அப்பாகிட்ட அதைச் சொல்வீங்களா?

சரி, எந்த நான் உண்மை என்ற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா அந்தப் பதில் கிடைக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தமிழே இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கு. தன்னம்பிக்கை என்றதும் நாம மேடை, மைக், நிமிர்ந்த நெஞ்சுன்னு யோசிக்கிறோம். ஆனா "அவர் நம்பிக்கையான ஆள்"னு ஊர்ல யாரைச் சொல்றோம்? நல்லாப் பேசுறவரையா? பால்காரர் அஞ்சரைக்கு வருவார், மழை பெய்தாலும் வருவார். எலக்ட்ரீஷியன் நாலு மணிக்குன்னா நாலு மணிக்கு வந்து நிப்பார். இன்னிக்கு அவர் மனசு எப்படி இருக்குன்னு யாரும் கேட்கிறதில்லை. மனசு எப்படி இருந்தாலும் வந்தார், அதான் நம்பிக்கை. தன்னம்பிக்கைன்னா அதே நம்பிக்கையை என் மேல நானே வைக்கிறது. அதுக்கு நான் எனக்கே நம்பிக்கையான ஆளா நடந்துக்கணும். உணர்ச்சி ஏறினாலும் இறங்கினாலும் இது கையில் நிக்கும்.

இதுல ஒரு சூட்சுமம் உண்டு. கொடுக்கிற வாக்கு, மோசமான நாளிலும் காப்பாத்தக்கூடிய அளவுக்குச் சின்னதா இருக்கணும். நாங்க ஒரு சர்வர் நல்ல நாள்ல எவ்வளவு தாங்கும்னு பார்த்து வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க மாட்டோம். நெரிசல் நேரத்துல எவ்வளவு தாங்குமோ அதைத்தான் சொல்வோம். அது மாதிரி. நான் ஆரம்பிச்சது சனிக்கிழமை காலை ஒரே ஒரு நண்பனுக்குப் பத்து நிமிஷம் போன். பேச ஒண்ணும் இல்லாத வாரம் "பேச ஒண்ணும் இல்லைடா, சும்மா கூப்பிட்டேன்"னு சொல்லிட்டு வெச்சிடுவேன். மனசு மேல இருக்கும்போது ஒரு மணி நேரம் பேசத் தோணும், அப்பவும் பத்து நிமிஷம்தான். கூட்டாம குறைக்காம அதைச் செய்றது கேட்கச் சப்புன்னு இருக்கும். ஆனா ஒரு வருஷம் போனதும் என்னைப் பத்தி எனக்கே ஒரு தகவல் கிடைச்சது: இவன் சொன்னா செய்வான்.

அடுத்தது கிருத்திகை அன்னதானம். கூட்டத்துக்குப் பயப்படுறவங்களுக்கு என் சிபாரிசு சாம்பார் வாளி. சும்மா போய் கூட்டத்துல நின்னா கையை எங்க வைக்கிறதுன்னுகூடத் தெரியாது. வாளியைக் கையில் கொடுத்துட்டா நமக்கு ஒரு வேலை இருக்கு, சொல்ல வேண்டியதும் மூணே வார்த்தை: "சாம்பார் ஊத்தவா? போதுமா?" நூறு பேரைக் கண்ணால பார்த்து நூறு தடவை அதைச் சொல்லிட்டு வந்தா, அடுத்த மாசம் பந்தியில் ஒரு பெரியம்மா "போன தடவை வந்த தம்பிதானே"ன்னு கேட்பாங்க. ஒரு உறவு அங்க தானா ஆரம்பிச்சிடுது. மாசம் ஒரு தடவை, தேதி நாள்காட்டியிலேயே இருக்கு, நம்ம மனநிலை அதை முடிவு பண்றதில்லை.

இந்த நேரக்கணக்கு விஷயத்துக்கு மருத்துவத்திலும் இடம் உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃப்ராங்க் என்பவரும் கூட இருந்தவர்களும் பைபோலார் உள்ளவர்களுக்காகவே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். அதில் தினமும் அஞ்சு நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்வார்கள்: படுக்கையை விட்டு எழுந்தது, முதல் மனுஷரோடு பழகினது, வேலையோ படிப்போ தொடங்கினது, இரவு சாப்பாடு, படுத்தது. ரெண்டாவதைக் கவனிச்சீங்களா? உடம்புக்குள்ள ஓடுற கடிகாரத்தைச் சரியா வைக்க, சூரியன் மாதிரி இன்னொரு மனுஷரின் முகமும் உதவுது. எனக்கு அந்த முகம் தெருமுனைப் பூக்கார அக்கா. காலை 6:40. "ரெண்டு முழம் அக்கா." "இந்தா தம்பி, மழை வரும் போல." அவ்வளவுதான் பேச்சு. எனக்கு ஒரு வியாதி இருக்குன்னோ, அதுக்கு தானும் ஒரு மருந்துன்னோ அந்த அக்காவுக்குத் தெரியாது.

நம்ம உள்ளுணர்ச்சியை முழுசா நம்ப முடியலைன்னா இன்னொரு அளவுகோல் வேணும். ஒரு சென்சார் அப்பப்ப தப்பா காட்டும்னு தெரிஞ்சா பக்கத்துல இன்னொண்ணு வைப்போம் இல்லையா? எனக்கு அது என் அக்கா. "எத்தனை மணி நேரம் தூங்கின?"னு எப்ப வேணும்னாலும் கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு, நான் கோபப்படக் கூடாது. நல்லா இருக்கும்போதே போட்ட ஒப்பந்தம் அது. தொடர்ந்து மூணு ராத்திரி அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ தூங்கியும் களைப்பே இல்லைன்னா டாக்டருக்கு போன். இந்த ஒப்பந்தம் இருக்கிறதாலதான் கேன்டீன்ல நிம்மதியா சிரிக்க முடியுது. காவலுக்கு ஒரு ஆள் இருக்கு, நானே எப்பவும் காவல் காக்க வேண்டாம்.

உடம்பு சம்பந்தப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களும் கூட்டத்துக்குப் போறதைத் தடுக்கும். யாரும் இதைப் பேசுறதில்லை. நான் சாப்பிடுறது லித்தியம். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதோட பயனை எழுதினார்; 75 வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னும் முக்கியமான மருந்து. ஆனா சிலருக்கு இது கை நடுக்கம் கொடுக்கும். கல்யாண வீட்டுல காபியைக் கையில் கொடுத்தா டம்ளரும் டபராவும் தாளம் போடும். எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கும். நான் டபராவைக் கீழ வெச்சுட்டு, டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவேன். யாராவது கேட்டா "மாத்திரையால கை கொஞ்சம் ஆடும்"னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுவேன். அதுக்கு மேல யாரும் கேட்டதில்லை. சில மருந்துக்கு உடம்பு போடும். "என்னப்பா குண்டாயிட்ட?" என்று கேட்காத சித்தப்பா தமிழ்நாட்டில் கிடையாது. அவருக்கு ஒரு சிரிப்பு போதும், விளக்கம் வேண்டாம். நடுக்கமோ எடையோ ரொம்பத் தொந்தரவு பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவையோ மருந்தையோ அவர் மாத்துவார். நீங்களா நிறுத்தாதீங்க.

விரதம் இருக்கிறவங்களுக்கு முக்கியமா ஒண்ணு. லித்தியம் சாப்பிடுறவங்க உப்பில்லா விரதம் இருக்கக் கூடாது, தண்ணி குடிக்காமலும் இருக்கக் கூடாது. உப்பு குறைஞ்சாலோ வியர்வையில் நீர் வத்தினாலோ சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாம பிடிச்சு வெச்சுக்கும். ரத்தத்தில் லிட்டருக்கு பொதுவா 0.6-லிருந்து 1.0 மில்லிமோல் வரைக்கும்தான் இருக்கணும், 1.5-ஐத் தாண்டினா விஷமாகலாம். பாதயாத்திரையில் கால்வலிக்குன்னு ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுறதும் இதே மாதிரி அளவை ஏத்திவிடும். திண்டுக்கல்லிருந்து பழனிக்கு சுமார் 60 கிலோமீட்டர். எங்க வீட்டுல எல்லாரும் தைப்பூசத்துக்கு நடப்பாங்க. நான் வழியில் தண்ணீர்ப் பந்தலில் நிப்பேன். நடந்தவங்களைவிட அதிகம் பேர்கிட்ட பேசினது நான்தான்.

அடுத்தது எல்லாரையும் அரிக்கிற கேள்வி. நோயைச் சொல்லணுமா? சொல்லாம இருக்கிறது பொய்யா? இது தெரியாமலே பாதிப் பேர் மனுஷங்களை விட்டு ஒதுங்கிடுறாங்க. யார்கூடப் பழகினாலும் ஏமாத்துற மாதிரி ஒரு குறுகுறுப்பு. என் கணக்கு இப்படி: என் நோய் யாருடைய வாழ்க்கையைத் தொடுமோ, அவங்களுக்கு அது தெரியும் உரிமை உண்டு. தொடுற அளவுக்கு மட்டும். சாப்பாட்டு மேஜையில் கூட உட்கார்றவங்களுக்கு அந்த உரிமை இல்லை. மேனேஜருக்குப் பாதி உண்டு. "ராத்திரி கிளையன்ட் கால், நைட் சப்போர்ட் எல்லாம் மருத்துவக் காரணத்தால என்னால முடியாது, பகல்ல கூடுதலா எடுத்துக்கிறேன்"னு சொன்னேன். தூக்கம் கெட்டா அலை வரும், அதனால அது தெரிஞ்சாகணும். நோயின் பெயர் தேவைப்படலை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் நம்ம சிகிச்சைத் தகவலை ரகசியமா வெச்சுக்கிற உரிமையைக் கொடுக்குது. பார்ட்டியில் "ஏன் குடிக்கலை?"ன்னு கேட்டா "மாலை போட்டிருக்கேன்னு சொல்லிடு"ன்னு நண்பன் யோசனை சொன்னான். போடாத மாலையை எதுக்குச் சாட்சிக்கு இழுக்கணும்? "குடிக்கிறதில்லைங்க" போதுமே.

கிண்டல் வேற விஷயம். "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு சினிமாவுல கேட்டு கேட்டு நமக்கு அது வெறும் வார்த்தை ஆகிடுச்சு. லட்சக்கணக்கான குடும்பங்கள் கண்ணீரோட படியேறின இடம் அது. யாராவது மேஜையில் அப்படிச் சொன்னா, நான் என்னைப் பத்திப் பேச மாட்டேன். "எங்க வீட்டுல ஒருத்தருக்கு வைத்தியம் நடக்குது, அந்த ஜோக் வேண்டாமே"ன்னு சொல்வேன். வீட்டுல ஒருத்தர்னா அது நான்தான். அது பொய்யில்லையே.

அலை நேரத்துல யாரையாவது புண்படுத்தியிருந்தா என்ன பண்றதுன்னும் தம்பி கேட்டிருந்தார். நோய் செஞ்சதுக்கு நான் குற்றவாளியா என்ற விவாதத்தைத் தத்துவம் படிச்சவங்களுக்கு விட்டுடலாம். குற்றம் யாருடையதா இருந்தாலும் காயம் அவங்களுடையது. போய்ப் பாருங்க, காயத்தைக் கேளுங்க, பணம்னா திருப்பிக் கொடுங்க. நோய் விளக்கம் அரை நிமிஷத்துக்கு மேல வேண்டாம். விளக்கம் நீண்டா அவங்க நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதா ஆகிடும்.

கடைசியா கல்யாணம். வீட்டுல பொண்ணு பார்க்கிறாங்க. "முடிஞ்சப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்டா, இப்பவே சொன்னா யாருப்பா கொடுப்பாங்க?"ன்னு அம்மா. அம்மாவோட பயம் எனக்குப் புரியுது, அந்தப் பயத்துல பாசம்தான் இருக்கு. ஆனா என் கணக்குப்படி இந்த நோய் யாருடைய வாழ்க்கையை முழுசா தொடுமோ அவர் அந்தப் பெண்தான். முடிவெடுக்கும் முன்னாடி தெரியணும். முடிஞ்சப்புறம் சொன்னா அது தகவல் மட்டும்தான், அவருக்குத் தேர்வு இல்லை. மூணு வாரம் வாக்குவாதம். அக்கா என் பக்கம் நின்னா. அப்புறம் அம்மா, "சரி, நீயே சொல்லு, நான் வாயைத் திறக்க மாட்டேன்"னாங்க.

வர்ற ஞாயிற்றுக்கிழமை போறோம். பத்து நிமிஷம் தனியா பேசக் கேட்டிருக்கேன். சொல்லப் போறது என்னன்னு எழுதி வெச்சுட்டேன்: நோயின் பெயர், கடைசியா பெரிய அலை வந்து மூணு வருஷம் ஆகுது, மறுபடி வரலாம், மாத்திரை அநேகமா ஆயுசுக்கும், பிறக்கிற குழந்தைக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம், சந்தேகம் இருந்தா என் டாக்டரையே நேர்ல பார்த்துக் கேட்கலாம். வேண்டாம்னு சொன்னா அவர் மேல எனக்கு எந்த வருத்தமும் இருக்காது.

இந்தப் பதிவைத் திங்கட்கிழமைதான் போடச் சொல்லி அட்மின் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். போன்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி அவருக்கு நேர்ல தெரியணும். தம்பி, உங்களுக்கு ராத்திரியில் தாங்க முடியலைன்னா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். சனிக்கிழமை காலை போன் பண்ண ஆள் இல்லைன்னா என் நம்பர் உங்ககிட்ட இருக்கு.

நான் எழுதிட்டு இருக்கிறது வியாழன் ராத்திரி. மணி 9:50, பத்தரைக்குப் படுக்கணும். ஞாயிறு எப்படியும் காபி வரும். டபராவைக் கீழ வெச்சுட்டு டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவேன், ஏன்னு கேட்டா அங்கிருந்தே ஆரம்பிச்சிடலாம்.